ஆறு நிறம் மாறியபோது

கொங்கணத்தின் கர்லி ஆற்றங்கரையில் வாமன் சர்மல்கரைத் தெரியாதவர் இல்லை. அந்த ஆற்றையும் அக்கரைத் தென்னைகளையும் தவிர வேறெதையும் வரையாத ஓவியர். பார்வைக்குக் குறுக்கே படகோ ஆளோ வந்துவிட்டால் போதும், "தள்ளிப் போங்க!" என்று கத்துவார். மீனவப் பெண்கள் வேண்டுமென்றே இன்னும் நிதானமாக நடப்பார்கள்.

அன்று மழை ஓய்ந்து ஆறு வடிந்து கிடந்தது. நடு மணல்திட்டில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் அவர் மனைவி சேவந்தியும் இருந்தாள். காலையில் போட்ட சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தண்ணீருக்கு வண்ணம் தீட்டும்போது வாமனின் கை நின்றது. குழைத்த பச்சை ஆற்றோடு ஒத்துப்போகவில்லை. நிமிர்ந்தார். ஆற்றின் மேல்வளைவில் தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது. ஒரு மூங்கில் புதர் வேரோடு மிதந்து வந்தது. இங்கே சுள்ளென்று வெயில். தூரத்து மலையை மட்டும் கருமேகம் மூடியிருந்தது.

"ஏய்! எல்லாரும் கரைக்கு வாங்க!"

திட்டில் சிரிப்பு எழுந்தது. "நாம மறைக்கிறோமாம்டி!" என்றாள் கிழவி பாகி. "என்னையும் சேத்து வரைடா வாமனா! கொஞ்சம் செவப்பா போடு!"

"வெள்ளம் வருது! சேவந்தி, ஓடியா!"

சேவந்தி முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

வாமன் படத்தை அட்டையோடு பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார். மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து கிடைத்த வெளிச்சம் அதில் இருந்தது. ஆற்றில் வீசி எறிந்தார். வண்ணப்பெட்டியும் பின்னாலேயே போனது.

சிரிப்பு அறுந்தது. சேவந்தி திரும்பிப் பார்த்தாள். கூரை ஒழுகிய அன்று பிள்ளையைத் தூக்கும் முன் படங்களைத் தூக்கிய மனுஷன் அவர்.

"அய்யோ, நெசந்தான்டி! கூடையப் போட்டுட்டு ஓடுங்க!" என்று கத்தினாள்.

முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். பாகி மட்டும் கூடையை விடாமல் தடுமாற, சேவந்தி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை இழுத்தாள். வாமன் மார்பளவு நீரில் இறங்கி, ஒரு கையால் மரவேரைப் பற்றிக்கொண்டு மறுகையை நீட்டினார். கிழவியின் மணிக்கட்டு அகப்பட்டது, வழுக்கியது. சேவந்தி பின்னாலிருந்து தள்ளினாள். மறுபடி அகப்பட்டது. கரையிலிருந்த பெண்கள் மூவரையும் மேலே இழுத்துப் போட்டார்கள்.

திரும்பிப் பார்த்தபோது திட்டு இல்லை.

"என் கூடை போச்சே!" என்று பாகி அழுதாள். யாரும் சிரிக்கவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?" சேவந்தி ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"கலர் ஒத்து வரல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "வீட்டுக்கு வாங்க. கஞ்சி வச்சுத் தர்றேன்."

வாமன் எழப் பார்த்துச் சேற்றில் வழுக்கினார். அவள் குனிந்து தோள் கொடுத்தாள்.