ஐவருக்கும் வணக்கம்

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு அக்டோபர் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறே கால்; கலிபோர்னியாவின் அல்டா வெர்டே நகர மன்றத்தில், சருகு ஊதும் பெட்ரோல் இயந்திரங்களை வருகிற ஜனவரி முதல் தடைசெய்யும் விதி விவாதத்துக்கு வந்திருந்தது, பேசுவோருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம், தோட்டக்காரர் யூசேபியோ கார்தெனாஸின் சீட்டில் எண் பதினொன்று... பதினொன்று வருவதற்குள் மறந்துவிடுமோ, மறக்க அதில் என்ன இருக்கிறது, இரண்டு வருடம் தவணை கொடுங்கள், அவ்வளவுதானே, ஒரு நாளைக்குப் பதினான்கு தோட்டம், பேட்டரி இயந்திரமோ மூன்றாவது தோட்டத்திலேயே படுத்துவிடும், நடுப்பகலில் அதை எங்கே சொருகுவது, வீட்டுக்காரர்கள் தங்கள் மின்சாரத்தைத் தொட விடுவார்களா, எட்டுத் தோட்டம் முடிந்தால் பெரிது, மிச்ச ஆறு வீட்டுக்காரர்களும் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள், இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகச் சேர்த்த ரூட், ஆறு வீடு போனால் மற்றவை நிற்குமா?

இப்போது பேசுவது டெல்மா விட்லாக் அம்மையார், அந்த ரூட்டின் முதல் வீட்டுக்காரர், முதுகு வளையாமல் நின்று தாளைப் பார்த்து வாசிக்கிறார், யூசேபியோவின் மகள் மரிசேலா அதை ஸ்பானிஷில் அப்பாவின் காதில் மெல்லச் சொல்லிக்கொண்டே வருகிறாள்: "செவ்வாய்க்கிழமைதோறும் காலைல எட்டு பத்துக்கு ஆரம்பிக்குது. சத்தத்த மீட்டர் வச்சு அளந்திருக்கேன். என் சமையலறைல நான் பேசுறது எனக்கே கேக்கல." செவ்வாய், எட்டு பத்து... அந்த நேரத்தில் அந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள், தன் வீடுதான் முதலில் முடிய வேண்டும் என்று நேரம் குறித்தவரே அவர்தானே, கமெலியாச் செடியடியில் ஒரு சருகு கிடக்கக் கூடாது என்பவரும் அவரே, போன வாரம் ஜன்னலில் கையில் எதையோ தூக்கிப் பிடித்திருந்தார், கைபேசி என்றல்லவா இவர் நினைத்தது, சிரித்துக் கையசைத்தது வேறு... தன் தோட்டத்துச் சத்தம்தான் அது என்று அவருக்குத் தெரியுமா, தெரிந்தேதான் வாசிக்கிறாரா? எழுந்து சொல்லலாம். சொன்னால் முதல் வீடு போகும்.

பதினொன்று. மேசையில் நேரம் காட்டும் பச்சை விளக்கு. மெக்சிகோவின் மிச்சோகானில், யூசேபியோவின் ஊர்ச்சபையில், ஒன்றைக் கேட்க எழுந்தவன் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கிவிட்டுத்தான் கேட்பான், எடுத்த எடுப்பில் கேட்பவனை மாடு என்பார்கள், அதனால் மன்ற உறுப்பினர் ஐவரின் பெயர்களையும் வாரம் முழுக்க வண்டி ஓட்டியபடி மனப்பாடம் செய்திருந்தார். "மேயர் டன்லீவி அம்மாவுக்கு வணக்கம், பூங்காவுல நிழல்ல பெஞ்சு போட்டுக் குடுத்தீங்க, அங்கதான் நாங்க சாப்பிடுறோம், நல்லா இருக்கணும். ஆஸ்ட்ராண்டர் ஐயாவுக்கு வணக்கம்..." மரிசேலா ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள், அவள் சொல்லும் நேரமும் இவருடைய நேரம்தான் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை, ஐந்தாவது பெயருக்கு மஞ்சள் எரிந்தது, "இத்தன வருஷம் என்னை நம்பி வேலை குடுத்த டெல்மா அம்மாவுக்கும்..." சிவப்பு. "நன்றி ஐயா, நேரம் முடிஞ்சுது. பன்னெண்டாம் நம்பர்," என்றார் மேயர். நாற்காலிக்குத் திரும்பும்போது மரிசேலா பல்லைக் கடித்தாள். "வந்ததும் விஷயத்தச் சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா. கல்யாணத்துக்கா வந்தோம்?" "பேர் சொல்லாம எப்படிம்மா கேக்குறது?" முன்வரிசையிலிருந்து டெல்மா திரும்பினார். "ரொம்ப மரியாதையாப் பேசினீங்க, யூசேபியோ. அடுத்த செவ்வாய் அந்தக் கமெலியாவுக்கு அடியில பாத்துக்கோங்க. நாலு சருகு விட்டுப்போச்சு." மரிசேலா மொழிபெயர்க்கவில்லை, அது மட்டும் அவருக்கே புரிந்தது. "சரிங்கம்மா."

வாக்கெடுப்புக்காக மன்றம் அடங்கியது. எல்லோருக்கும் அடங்கியது, அவருடைய இடது காதில் மட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், தூக்கத்தில், இது எந்த வருடம் தொடங்கியது... இந்தச் சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது முதலில் அவரைக் கேட்டிருந்தால்? டெல்மாவோடு சேர்ந்து அவரும் கையைத் தூக்கியிருப்பாரோ? அதை இனி எந்தச் சீட்டில் எழுதிக் கொடுப்பது?

ஐந்து வாக்குகளும் ஆதரவாக விழுந்து விதி நிறைவேறியது. ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வரும். தவணைக் கோரிக்கை எதுவும் பதிவாகவில்லை. மீறினால் அபராதம் இயந்திரத்தைக் கையில் பிடித்திருப்பவருக்கு. தோட்டத்தின் உரிமையாளருக்கு அல்ல.