அலரித் தண்ணீர்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். இது அந்த மாதிரிப் பொய் இல்லை. இன்று காலை எட்டு மணிக்கு மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ஸாலிஹாவிடம் நான் சொன்ன பொய். ஒரே ஒரு சொல்.

இப்போது மணி ஒன்பதே கால். திருகோணமலை, உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கை. வீட்டில் நான் மட்டும்.

2.

முதல் தொடக்கம்: "செவ்வலரி பூனைகளுக்குத் தீங்கானதா என்னும் கேள்வியை ஆராய்வதற்கு முன்னர்..."

(வெட்டிவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் தம்பலகாமத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவனின் கரும்பலகைப் புத்தி.)

இரண்டாவது தொடக்கம்: "வசந்தினி முற்றத்தில் அலரியை நட்ட அன்று மழை..."

(மழையே பெய்யவில்லை. நல்ல வெயில். என் மனைவி சட்டி நிறையத் தண்ணீர் அள்ளி ஊற்றினாள், நான் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தேன். அதை எழுத வெட்கமாக இருந்தது, மழையைக் கூப்பிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

3.

வசந்தினி தினமும் காலையில் ஏழு அலரிப் பூவைப் பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அலுமாரிக்கு மேல் இருக்கும் சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள். போன வைகாசியில் அவள் போனபிறகு அந்த வேலை எனக்கு வந்தது. சாமிக்குப் பக்கத்தில் அவளுடைய படத்தையும் வைத்தேன். அண்ணாந்து பார்த்துக் கதைத்துக் கழுத்து நொந்ததால், போன கிழமை படத்தையும் கிண்ணத்தையும் இறக்கி, எழுதும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தேன். பிழை அங்கேதான்.

ஸாலிஹாவின் பூனை சுல்தான்* மத்தியானத்தில் என் வீட்டுக்கு வரும். நேற்று வந்தது, அந்தக் கிண்ணத்தில் வாய் வைத்து நக்கி நக்கிக் குடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துரத்தவில்லை. வீட்டில் இன்னொரு உயிர் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டு எத்தனையோ மாதம். எனக்கு அது நன்றாக இருந்தது.

(* ஒரு காது இல்லை, மீன் சந்தையில் பொறுக்கியது. பெயர்தான் சுல்தான்.)

பின்னேரம் ஸாலிஹா மதிலடியில் நின்று கேட்டாள்.

"மாஸ்டர், அலரி பூனைக்குக் கூடாதாம் எண்டு மகள் போன்ல சொல்றா. எங்கட பக்கம் சாஞ்ச கொப்பை வெட்டுவமா?"

"ஒண்டும் செய்யாது. எத்தினை வருஷமா நிக்குது!"

"நீங்க சயன்ஸ் மாஸ்டர். நீங்க சொன்னாச் சரிதான்."

தெரிந்து சொன்னது அல்ல. வசந்தினியின் மரத்தில் கத்தி படக்கூடாது என்பதற்காகச் சொன்னது.

4.

இன்று காலையில் ஸாலிஹா மறுபடி வந்தாள். முக்காடு சரிந்திருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"சுல்தான் விடிய இருந்து சத்தி எடுக்கான், மாஸ்டர், குடிச்ச பாலெல்லாம் வெளிய வருது. எழும்ப ஏலாமக் கிடக்கான். மிருக டொக்டர் வாறாராம், என்ன திண்டதெண்டு தெரிஞ்சா நல்லமாம். உங்கட வீட்டில ஏதும் வாய் வச்சவனா?"

"இல்லை," என்றேன்.

அவள் போனபிறகுதான் போனில் தேடிப் பார்த்தேன். இலை, பூ, பட்டை எல்லாம் நஞ்சு. பூ ஊறிய தண்ணீரும் நஞ்சு. பூனையின் இதயத்தையே நிறுத்திவிடுமாம். சீக்கிரம் வைத்தியம் செய்தால் பிழைக்கவும் கூடும். அதை வாசித்துவிட்டு நான் செய்த வேலை என்ன தெரியுமா? கொப்பியை எடுத்துக் கதை எழுத உட்கார்ந்தேன்.

ஸாலிஹா பாத்திரம் எனக்குச் சரியாக அமையவில்லை. அவளைக் கொஞ்சம் சண்டைக்காரியாக ஆக்கிப் பார்த்தேன், இடியப்பத் தட்டை மதிலுக்கு மேலால் நீட்டுகிற கை குறுக்கே வந்துவிட்டது. ஒரு நாளில் என்னோடு கதைக்கிற ஒரே மனிசி அவள். உண்மையைச் சொன்னால் அதுவும் நின்றுபோகும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைவிட அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

5.

முடிவு அ: கிண்ணத்தில் மிதந்தது அலரி இல்லை, செவ்வரத்தைப் பூ. அது பூனையை ஒன்றும் செய்யாது. சுல்தான் எழும்பி, சோம்பல் முறித்து, மதிலேறி...

(ஒரு சொல்லை மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் முக்காலியில் அலரிதான் மிதக்கிறது, இப்போதும்.)

முடிவு ஆ: பூனை செத்துவிடுகிறது. யாருக்கும் காரணம் தெரியாது. மரம் நிற்கிறது. ஸாலிஹா இடியப்பம் தருகிறாள். நான் வாங்கிச் சாப்பிடுகிறேன்.

(இதை எழுதியதும் பேனையைக் கீழே வைத்தேன். வசந்தினி படத்திலிருந்து பார்த்தாள். அவள் இருந்திருந்தால் கிண்ணத்தை அலுமாரிக்கு மேலே வைத்திருப்பாள். ஏன் என்று ஒருநாளும் நான் அவளிடம் கேட்டதில்லை.)

6.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. டொக்டராக இருக்கும்.

கடைசியாக ஒரு வசனம் எழுதிப் பழகுகிறேன்.

"ஸாலிஹா, ஒரு சின்ன விஷயம்..." (சின்னதா?)

"ஸாலிஹா, எனக்கும் இப்பதான் தெரியும்..." (பொய். தெரிந்து ஒரு மணித்தியாலமாகிறது.)

"ஸாலிஹா, நான் பாத்துக்கொண்டு இருந்தனான். அவன் என்ர வீட்டு அலரித் தண்ணியைக் குடிச்சவன்."

இது சரி. இதற்குமேல் திருத்த ஒன்றுமில்லை.

கிண்ணத்தை டொக்டரிடம் காட்டக் கையில் எடுத்துவிட்டேன், எழுத இனி ஒரு கைதான் இருக்கிறது. சுல்தான் பிழைப்பானா, நாளைக்கு மதிலுக்கு மேலால் யாராவது என்னை "மாஸ்டர்" என்று கூப்பிடுவார்களா, எனக்குத் தெரியாது. நீங்கள் விரும்பியதை எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை பக்கம் நீங்கள் கூட இருந்தது ஆறுதலாக இருந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் உங்களுக்குச் சொன்னதை நான் முதலில் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஸாலிஹா வீட்டுப் படலைக் கதவைத் திறக்கிற சத்தம். நான் போகிற