இணைச்சீருக்கு வராத கனிஷ்கா

கோபிசெட்டிபாளையத்து மண்டபத்தில் கால் வைத்ததுமே கிருபாசங்கரைப் பிடித்துக்கொண்டார் ஈஸ்வரமூர்த்தி. அவன் மனைவி கனிஷ்காவின் பெரியப்பா.

"ஏனுங்க மாப்பிள்ளை, தனியா வந்திருக்கீங்க? எங்க புள்ளையக் காணோமுங்க?"

"டூட்டிங்க மாமா. அவசரமா போக வேண்டியதாப் போச்சுங்க."

"தம்பி கல்யாணத்துக்கு வராத அப்படியென்ன டூட்டிங்க? சாயங்காலம் இணைச்சீருங்க!"

மணமகனோடு உடன்பிறந்தவள் சேலை முனையால் இணைந்து நிற்கும் சீர் அது. மணமகன் மனோஜ்குமாருக்குக் கூடப் பிறந்தவள் கனிஷ்கா ஒருத்திதான். அவள் இல்லையென்றால் சித்தப்பா மகளை நிறுத்திச் சீரை முடித்துவிடலாம். ஆனால் அதற்கான காரணத்தை ஊரே கேட்கும்.

சாப்பாட்டுப் பந்தியில் அவன் காதில் விழும்படியே ஒரு பெரியம்மா சொன்னாள்: "பொறந்த ஊட்டோட மனஸ்தாபமா இருக்கும். இல்லாட்டி இவரோட சண்டையோ என்னவோ. ஏரோப்பிளேன் ஓட்டற பொம்பளைய வெச்சுக் குடும்பம் நடத்தறது லேசுங்களா?"

இலையிலிருந்து எழுந்துவிட்டான் கிருபாசங்கர்.

முந்தின நாள் காலையில் சூலூர் வீட்டு வாசலில் பையோடு நின்ற கனிஷ்கா அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசியது நினைவுக்கு வந்தது. தெற்கே கடலுக்கு அப்பால் புயலோ கலவரமோ வந்தால் திருவனந்தபுரத்து விமானப்படைக் கட்டளையகத்திலிருந்து அவளுடைய பிரிவுக்கு உத்தரவு வரும். இந்த முறை போர். ஒரு துறைமுக நகரத்தில் நம் நாட்டு ஆட்கள் நூற்றுக்கு மேல் மாட்டியிருந்தார்கள்; அவர்களை விமானத்தில் ஏற்றி வர வேண்டும்.

"அங்க சண்டை போடற ரெண்டு பக்கமும் எங்க கமாண்டை நம்பி ஒரு மணி நேரம் சுடறத நிறுத்தறாங்க. எந்த மணி நேரம்னு வெளிய தெரியக் கூடாது. ஒத்துக்காத கும்பலும் அங்க இருக்குது." அவன் முகம் வாடியதைப் பார்த்து மெதுவாகச் சேர்த்தாள். "நாளான்னிக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு எறங்கிருவேன். ஆறு மணிக்குக் கெளம்பிருவோம். அதுக்கப்புறம் நீங்க நிம்மதியா இருங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

அவன் பயப்படக் கூடாது என்பதற்காக மட்டும் சொன்ன நேரம் அது.

பந்தியிலிருந்து எழுந்தவன் ஈஸ்வரமூர்த்தியைத் தூணோரம் அழைத்துப் போய், அவள் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். போர், மாட்டிக்கொண்டவர்கள், நாளை விடிகாலை ஐந்து மணி. பெரியவரின் கண் நிறைந்துவிட்டது.

"இதைப் போய் மறைப்பாங்களா மாப்பிள்ளை!"

அரைமணி நேரத்தில் கிருபாசங்கரின் போன் அதிர்ந்தது. 'மனோஜ் கல்யாணம்' குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர். ஈஸ்வரமூர்த்தியின் குரல்பதிவு. "நம்ம கனிஷ்கா ஏன் வரலைன்னு கேட்ட எல்லாருக்கும் சொல்றனுங்க..." ஊர்ப் பெயர், மணி, ஒன்றும் மிச்சமில்லை.

ஓடிப் போய் அழிக்கச் சொன்னான். அவரும் பதறி அழித்தார். அதற்குள் திருப்பூரிலிருந்து ஒரு மச்சினன் எழுதியிருந்தான்: "எங்க கம்பெனி ஆளுக ரெண்டு பேரு அங்கதான் இருக்காங்க. அவங்களுக்கு இதை அனுப்பிட்டேன். தைரியமா இருக்கட்டும்."

விமானப்படைத் தளத்துக்குச் சொல்லாமல் இருந்தால் ஒருவேளை ஒன்றும் நடக்காமலே போகலாம். சொன்னால் அவள் வேலை போகலாம். ஆனால் ஐந்து மணிக்கு அந்த ஓடுபாதையில் இறங்கப் போகிறவள் அவள்.

மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று சூலூர்த் தளத்துக்குப் போன் போட்டான். அதிகாரி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எங்கேயோ கேள்விப்பட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் கசிவு எங்கே என்று தேடுவதிலேயே அவர்களுக்கு நேரம் போகும்.

"என் மனைவிதாங்க சொன்னாங்க."

உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது. மனோஜ்குமாரின் பக்கத்தில் சித்தப்பா மகள் ரித்திகா சேலை முனையோடு நின்றிருந்தாள்.

விமானம் பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக இறங்கியது. கட்டளையகம் இரண்டு தரப்போடும் மறுபடி பேசி வேறொரு மணி நேரத்தை வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பகல் முழுக்க, மாட்டியிருந்த மக்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் போதாமல் காத்திருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த முதியவர் ஒருவர் விமானத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கனிஷ்கா வீட்டுக்கு வந்தாள். விசாரணை முடியும்வரை அவள் பறக்கக் கூடாது.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு அந்த ஓடுபாதை மேல குண்டு விழுந்துச்சுங்க" என்றாள் ஷூவைக் கழற்றாமலே. "நீங்க போன் பண்ணலைன்னா நான் இல்லை. நீங்க வாயைத் தொறக்காம இருந்திருந்தா காய்ச்சல்ல கெடந்த அந்தப் பெரியவரு உயிரோட இருந்திருப்பாரு. உங்க மேல கோபப்படறதா, கும்பிடறதான்னு தெரியலைங்க. நானும்தானே சொன்னேன்."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தான். அவள் தடுக்கவில்லை. அவன் தலையைத் தொடவும் இல்லை.

போன் அடித்தது. மாமியார் சாமியாத்தாள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, புள்ள ஊட்லயே இருக்குதாமா? வேலைல ஏதாச்சும் பிரச்சனைங்களா? பெரியம்மா ஒரு மாதிரி பேசறா. உங்க ரெண்டு பேத்துக்கும் சண்டைங்கறாளே, நெசமுங்களா?"

கனிஷ்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க அத்தை" என்றான் கிருபாசங்கர். "சண்டைதாங்க. தப்பு எம்மேலதான்."