டெம்பரரியின் லாகின்

…மூடிட்டேன், அவ்வளவுதான், ஒரு பட்டனை அமுக்க பதினாலு மாசம் எடுத்துக்கிட்ட ஆளு நான் ஒருத்தியாத்தான் இருப்பேன், காலையில ஒன்பது நாற்பதுக்கு, காபி கூட ஆறல, "இந்த லாகினை நிரந்தரமா முடக்கவா?"ன்னு ஸ்கிரீன் கேட்டுது, நிரந்தரமான்னு, அதைப் பார்த்திருந்தா அவரே சிரிச்சிருப்பாரு, பதினேழு வருஷம் இந்த யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சென்டர்ல தற்காலிக ஊழியராவே இருந்துட்டு, ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஆர்டரைப் புதுப்பிச்சுக்கிட்டு, டெம்பரரின்னே பேரு விழுந்து, நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்காம… கடைசில அவருக்குக் கிடைச்ச நிரந்தரம் இதுதானா. ஆள் போய்ச் சேர்ந்து பதினாலு மாசம் ஆச்சு, லாகின் மட்டும் உயிரோட இருந்துது, போன வருஷ ஆடிட்லயே சிவப்பு மையில எழுதிட்டாங்க, இல்லாத ஆளோட லாகின் ஏன் திறந்திருக்குன்னு, என்னன்னு பதில் சொல்றது, கை வரலம்மான்னா? இந்த வருஷமும் அதே அம்மாதான் வந்திருக்காங்க, வரவு செலவு பார்க்கற ஆடிட்டர் இல்ல, கம்ப்யூட்டரெல்லாம் பத்திரமா இருக்கான்னு பார்க்கறவங்க, பக்கத்து ரூம்ல பிளாஸ்கைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, பன்னிரண்டு மணிக்கு மேல லாகின் லிஸ்டை எடுப்பேன்னாங்க. சரி, எடுக்கட்டும், மூடியாச்சு, நானும் முப்பதாம் தேதியோட கிளம்பறேன், எனக்கு அப்புறம் வர்ற ஆளுக்கு ஒரு சிவப்புக் கோடாவது குறையட்டும்.

கிளம்பறேன்னு சொல்லும்போதே ஒரு மாதிரி இனிக்குது, பொய் சொல்வானேன். ஆறு வருஷம், என் வீட்டுக்காரர் ஒரு ஊரு நான் ஒரு ஊரு, சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை பஸ் ஏறற புருஷன், நம்ம ரெண்டு பேருக்கும் நடக்கறது கல்யாணமா கெஸ்ட் லெக்சரான்னு அவரே கேட்டாரு ஒருநாள், சிரிச்சேன், அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். ராஜினாமாக் கடிதம் கொடுத்தாச்சு, அங்க அவர் ஒரு வீடு பார்த்திருக்காரு, காலையிலேயே மெசேஜ், சமையல்கட்டு ஜன்னல் கிழக்குப் பக்கம், நல்ல வெளிச்சம், இன்னைக்குள்ள சொல்லலன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம், சரின்னு சொல்லிடவா? ரெண்டு எழுத்து, ச, ரி, அதை அடிக்கப் போறதுக்குள்ள மேஜை போன் அடிச்சுது, தேர்வுத்துறைத் தலைவர், குரலே சரியில்ல. "மேடம், காலையில மூணு டிபார்ட்மென்ட் மார்க் ஏத்தினோம், ரிசல்ட் பக்கத்துல இன்னும் வரல. பன்னிரண்டு மணிக்கு ரிசல்ட்னு பேப்பர்லயே போட்டாச்சு." நேத்து வரைக்கும் வந்துதேன்னேன். "நேத்து வரைக்கும் வந்துது, அதான் கேக்கறேன், இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்ன பண்ணேன்… ஒண்ணும் பண்ணலயே, அப்படின்னு வாய் சொல்லுது. மணி பத்து அம்பது.

ஒண்ணும் பண்ணல, ஒரே ஒரு லாகினைத்தானே மூடினேன், அதுவும் இல்லாத ஆளோடது, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்… நெட்வொர்க்காரர் வந்து கேபிளைப் பார்த்தாரு, ஒயரெல்லாம் ஒழுங்கா இருக்கு மேடம்னுட்டு எப்பவும் முணுமுணுக்கற அதே பாட்டோட போயிட்டாரு, எதைப் பார்த்தாலும் ஒயர்தான் அவருக்கு. சர்வரைத் திறந்து ஒவ்வொண்ணா பார்க்கறேன், எத்தனை குப்பை, எங்களைக் கேக்காம டிபார்ட்மென்ட்டுக்கு ஒண்ணா வாங்கிப் போட்ட சாப்ட்வேர் பதினாலு, ஒண்ணோட ஒண்ணு பேசாது, நம்ம புரொபசர்களை மாதிரியே, அதுகளைப் பேச வைக்கறதுக்குன்னு டெம்பரரி எழுதின குட்டிக் குட்டிப் புரோகிராம்கள், அவர் இருந்த வரைக்கும் எதுவும் தெரியல, எல்லாம் தானா ஓடுதுன்னே நினைச்சோம். பதினொண்ணு பத்துக்குக் கண்ணுல பட்டுது. அரைமணிக்கு ஒருதரம் தேர்வுத்துறை மார்க்கை எடுத்து ரிசல்ட் பக்கத்துல போடற புரோகிராம், ஒன்பதரைக்கு ஓடியிருக்கு, பத்து மணிக்கு ஓடல, பத்தரைக்கு ஓடல, பதினொண்ணுக்கு ஓடல, யார் பேர்ல ஓடுதுன்னு பக்கத்துல போட்டிருக்கு, அவர் பேரு. நிஜப் பேரு, நாங்க யாரும் கூப்பிடாத பேரு.

அட பாவி மனுஷா. ஆள் இல்லாம பதினாலு மாசம் வேலை பார்த்திருக்கீரே, நான்தான் காலையில உம்மை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்… புரோகிராமைத் திறந்தா முதல் வரியிலயே குறிப்பு, "தற்காலிக ஏற்பாடு. அடுத்த வாரம் அக்காகிட்ட சொல்லி மாத்தணும்." தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தினது. என்னைவிட மூணு மாசம் பெரியவரு, ஆனா அக்காம்பாரு, அதிகாரம் உங்ககிட்ட இருக்குல்ல அப்ப நீங்கதான் அக்கான்னு. சொன்னாரா? சொல்லியிருப்பாரு, நான் ஏதாவது மீட்டிங்குக்கு ஓடிட்டு இருந்திருப்பேன், அடுத்த வாரம் பார்க்கலாம்னு சொல்லியிருப்பேன், என் வாய்ல அதைத் தவிர வேற என்ன வந்துது அந்த வருஷமெல்லாம்? நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு போட்டு நான் பார்த்ததில்ல அவரை, தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட மண்டபத்துல இருந்து லேப்டாப்போட, நீங்க இல்லன்னா யூனிவர்சிட்டி நின்னுருமாய்யான்னு கிண்டல் பண்ணேன், "நிக்காதுக்கா, கொஞ்சம் மூச்சு வாங்கும்"னாரு. எல்லாரும் சிரிச்சோம்.

இப்ப என்ன பண்றது, மணி பதினொண்ணு இருபது. அவர் லாகினைத் திரும்பத் திறந்தா ஒரு நொடி வேலை, ஆனா பக்கத்து ரூம்ல அந்தம்மா இன்னும் கொஞ்ச நேரத்துல லிஸ்ட் எடுப்பாங்க, அதைவிட, திரும்ப ஒருதரம் அந்த நிரந்தரமாவை அமுக்க என்னால ஆகாது, சத்தியமா ஆகாது. முறைப்படி செய்யணும்னா ஆள் பேரே இல்லாத ஒரு லாகின் போடணும், மிஷினுக்குன்னே தனியா, யார் வந்தா என்ன யார் போனா என்ன அது பாட்டுக்கு ஓடும், அதுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கு, மூணு கையெழுத்து, கமிட்டி வியாழக்கிழமைதான் கூடும். எந்தப் புத்திசாலி போட்ட விதி இது? நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, எல்லாருக்கும் முன்னாடி நின்னு, சொந்தப் பேர்ல எதையும் ஓட விடாதீங்க, இன்னைக்கு இருப்போம் நாளைக்குப் போவோம்னு அரைமணி நேரம் பேசினேன், டெம்பரரி பின்வரிசையில தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தாரு, தூங்கறாருன்னு நினைச்சேன். மறுபடியும் போன், "மேடம், பன்னிரண்டாயிரம் பிள்ளைங்க காத்துட்டு இருக்காங்க, தள்ளி வைக்கறேன்னு எப்படிச் சொல்லுவேன், ஏதாவது பண்ணுங்க." பாவம், அவர் குரல் உடையுது, அவர் மேல என்ன தப்பு. பண்றேன் சார்னேன். புரோகிராம்ல டெம்பரரி பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டேன், பாஸ்வேர்டைக் கொடுத்தேன், ஓடுன்னேன், ஓடிச்சு. அரை நிமிஷம்கூட ஆகல. குறிப்பு எழுதற இடத்துல விரல் தானா அடிச்சுது, தற்காலிக ஏற்பாடு, அடுத்த வாரம்… அத்தோட நிறுத்திட்டேன்.

பன்னிரண்டு அடிச்சுது, ரிசல்ட் வந்துருச்சு, வெளியே வராண்டாவுல யாரோ ஓ போடற சத்தம் கேட்டுது, யாருக்கும் எதுவும் தெரியாது, நானும் சொல்லாம விட்டிருக்கலாம், ஆனா பத்தொன்பது நாள்ல போகப் போறவளுக்கு எதுக்கு இந்தப் பொய்யெல்லாம்னு எழுந்து பக்கத்து ரூமுக்குப் போனேன், ஆடிட்டரம்மா லிஸ்ட்ல டெம்பரரி பேருக்கு நேரா டிக் போட்டுட்டு இருந்தாங்க. உட்கார்ந்து முழுசாச் சொன்னேன், காலையில மூடினது, நின்னு போனது, என் பேர்ல ஓட விட்டது. திட்டுவாங்கன்னு பார்த்தா பிளாஸ்க் மூடியில கொஞ்சம் டீ ஊத்தி நகர்த்தினாங்க. "போற இடமெல்லாம் இதே கதைதான் மேடம். கொடுக்கறது நாலு ஆளு, கேக்கறது நாப்பது ஆள் வேலை. வேற ஏதாவது உங்க பேர்ல ஓடுதா?" இல்லவே இல்ல, இது ஒண்ணுதான், இன்னைக்குத்தான்னேன், குரல்ல ஒரு கெத்துகூட இருந்திருக்கும், விதி போட்டவளாச்சே. "எதுக்கும் ஒருதரம் தேடிருவோமே"ன்னு என் பேரை அடிச்சாங்க, ஸ்கிரீன்ல அந்த வட்டம் சுத்திச்சு, சுத்திச்சு, நான் டீயை ஊதிட்டே ஜன்னலைப் பார்த்தேன், இந்த ரூம் ஜன்னல் எந்தப் பக்கம், மேற்கா?

வரி வரியா இறங்குது. நூலகக் கதவு. ஹாஸ்டல் வருகைப் பதிவு. வேதியியல் லேப்ல ராத்திரி பேக்கப்… இது எப்ப போட்டேன்? புது மாணவர் ஐடி கார்டு, ஆமா, அந்த வருஷம் சேர்க்கை நெருக்கடி, ஆள் ரெண்டு பேர் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க, அப்ப அவசரத்துக்கு… மருத்துவ மையம், அதுவும் நானா, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல குறிப்பு, தற்காலிகம், தற்காலிகம், ஒண்ணுல அடுத்த வாரம்னு இருக்கு, என் நடையேதான், சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. அடியில கூட்டி எண்ணிக்கை காட்டுது, முப்பத்தொண்ணு. ஆடிட்டரம்மா பேனாவை மூடி வெச்சாங்க. "கடைசி நாள் என்னைக்குன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டாங்க, ரொம்ப மெதுவா, அடிபட்டவங்ககிட்ட கேக்கற மாதிரி. முப்பதுன்னேன். மடியில போன் அதிர்ந்துது, எடுத்துப் பார்த்தா புருஷன்தான், வீட்டு ஓனருங்க வந்துட்டாங்க, என்ன சொல்லட்டும்? ச மட்டும் அடிச்சேன். கொஞ்சம் மூச்சு வாங்கும்னு சொன்னவரு அன்னைக்குச் சிரிச்சாரா இல்லையான்னு யோசிச்சுப் பார்க்கறேன், நாங்க சிரிச்சது ஞாபகம் இருக்கு, அவர் சிரிச்சாரான்னுதான் தெரியல.