ஒரு நூலை எரித்துப் பார்த்தது

1
இந்தக் கதை காத்தான்குடியில், நஸீரின் புடவைக்கடையில் எனக்குக் கிடைத்தது. ஹிதாயா என்றொரு பெண் ஒரு சாரியோடு வந்தாள். கட்டாரிலிருந்து கணவன் அனுப்பியது. அசல் பட்டுத்தானா என்று கேட்டாள். நஸீர் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார், ஓரத்தில் ஒரு நூலை உருவி லைட்டரை*

* இடையில் நிறுத்துவதற்கு மன்னிக்கவும். தரம் ஏழுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவன் நான், வாய் சும்மா இராது. நிறம், பாரம், மினுக்கம் எல்லாம் பௌதிக இயல்புகள். பொருளை வேறொன்றாக்காமலே பார்த்துக்கொள்ளலாம். எரியும் தன்மை இரசாயன இயல்பு. கொளுத்தினால்தான் தெரியும். தெரிந்தபின் கொளுத்தியது இருக்காது. பிள்ளைகள் இதை இரண்டு வரியில் எழுதிப் புள்ளி வாங்கிவிடுகிறார்கள்.

2
ஹிதாயாவை என்னால் நம்ப முடியவில்லை. அவளுக்குச் சந்தேகக் குணம் கொடுத்துப் பார்த்தேன். தூபம் போட ஒரு மச்சாளையும் கொடுத்தேன். அவள் சாரியை மடித்துக்கொண்டு

(சரி. கடைக்குப் போனது நான்தான். அது சாரியல்ல, பட்டு வேட்டி. அனுப்பியவள் என் மனைவி தக்ஷாயினி. டோஹாவில் ஒரு வீட்டில் வேலை, போய் ஆறு வருடம். "தைப்பொங்கலுக்கு வாறன். அண்டைக்கு இதக் கட்டுங்க" என்றாள். மூன்று பொங்கல் போய்விட்டது. வேட்டி பொய்யென்றால் மற்றதும் பொய்யென்று முடிவுகட்டிவிடலாம் என்றுதான் போனேன். வெட்கத்தில் ஹிதாயாவை முன்னால் நிறுத்தினேன்.)

3
நூல் தலைமயிர் கருகும் மணத்தோடு எரிந்தது. சாம்பல் விரலில் பொடியானது. பொலியெஸ்டர் என்றால் உருகி மணியாகச் சுருண்டிருக்கும்.

"அசல் பட்டுத்தான், சேர். சந்தோசமா உடுத்துங்க," என்றார் நஸீர்.

எனக்கு அழுகை வந்தது. போலியாக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

4
முடிவு அ: தையில் தக்ஷாயினி வந்து இறங்குகிறாள். (எழுதினேன். வாசலில் அவள் எப்படிச் சிரிப்பாள் என்பது மறந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அங்கே அவளுக்கு (இல்லை, இதை எழுதமாட்டேன்.)

முடிவு இ: நான் கேட்கிறேன், "நீ வரப்போறியா, இல்லையா?"

ஆறு வருடமாகக் கேட்காத கேள்வி இது. வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. அவள்தான் கோல் பண்ணுவாள். இங்கே குருக்கள்மடத்தில் மழையா, வாவியில் இறால் படுகிறதா என்று பேசி வைத்துவிடுவோம். அந்தக் கால்மணி நேரம்தான் என் குடும்பம். கேட்டால் அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்று வெள்ளி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. வாசிப்பவரே, உங்களுக்குத் துணிவிருந்தால் முடிவு இ-யை நீங்கள் எழுதுங்கள். நான் எடுத்தால், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பேன்.