உப்புப் பார்க்காத கறி

கறித்துண்டுகளைக் கவருக்குள் பரப்பி, கவரின் வாயை மிஷினில் வைத்து மூடியை அழுத்தினாள் பாண்டீஸ்வரி. மிஷின் உறுமிக் காற்றை உறிஞ்சியது. கவர் மெல்லச் சுருங்கிக் கறியோடு ஒட்டிக்கொண்டது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரங்களை விரலால் நீவிப் பார்த்தாள். அடகுக் கடைக்காரர்கூட நகையை அப்படிப் பார்க்கமாட்டார்.

நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில் கறி எடுப்பது நிற்கவில்லை. பாதி புருஷன் சுருளியாண்டிக்கு, பாதி மகன் சுரேஷ்கண்ணனுக்கு. மகன் பங்கு ஃப்ரீசருக்குப் போகும். நாள்பட்டதை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுசை வைப்பாள். தங்கை மகள் அனுசுயா ஆன்லைனில் வாங்கிச் சலித்துப்போய்க் கொடுத்த மிஷின் அது. ஆரம்பத்தில் பாண்டீஸ்வரி அதனோடு பட்ட பாடு கொஞ்சமில்லை. குழம்பை வைத்தால் மிஷின் குழம்பை உறிஞ்சியது. எலும்பை வைத்தால் கவர் பொத்துக்கொண்டது. பிறகு ஈரமில்லாத உப்புக்கறிக்கு மாறினாள். மகனுக்குப் பிடித்த நெஞ்செலும்பை விட மனமில்லாமல், எலும்பு முனையில் வாழையிலைத் துண்டைச் சுற்றிவைக்கக் கற்றுக்கொண்டாள்.

இவ்வளவும் செய்கிறவள் ஒரு துண்டை வாயில் போட்டு உப்புப் பார்க்கமாட்டாள். அது சாமியிடம் வைத்த சத்தியம்.

நாலு வருடத்துக்கு முன்னால் சுரேஷ்கண்ணன் ராயப்பன்பட்டி அனிதா மேரியைக் கட்டிக்கொண்டு கம்பத்து வீட்டுக்கு வந்து நின்ற மத்தியானம், புருஷன் வருவதற்குள் பிள்ளைகள் ஒரு வாய் சாப்பிட்டுவிடட்டும் என்று இலை போட்டிருந்தாள். கறியை வைத்த நேரம் சுருளியாண்டி வந்துவிட்டார். கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து, ஊரெல்லாம் விளக்கெரிய வைத்த மனுஷர், தன் வீட்டில் அன்றைக்கு இருட்டாக நடந்துகொண்டார். இலையைச் சோற்றோடு சுருட்டித் தெருவில் வீசினார். மகன் எச்சில் கையோடு எழுந்து போனான். "எம்புள்ள எங்கையால சாப்புடற வரைக்கும் இந்த வாயில கறி படாது" என்று பாண்டீஸ்வரி விளக்கின் முன்னால் கையடித்துச் சொன்னாள். ஒரு தடவை அவன் குடியிருந்த குமுளிக்குத் தேடிப் போய், பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

இப்போது அவளுக்கு ரத்தம் ஏழுதான் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். ஈரல், கறி, முட்டை எல்லாம் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "அவன் சாப்பிடட்டும், நானும் சாப்பிடுறேன் டாக்டர்" என்றாள். எவன் என்று டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் புரிந்தது.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை சுருளியாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு, "குடு, நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்" என்றார். பாண்டீஸ்வரி ஃப்ரீசரில் இறுகியிருந்த புதுப் பாக்கெட்டை எடுத்தாள். அதை மஞ்சள் பையில் வைத்து, "உப்பு சரியா இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

ஜீப்பில் மலை ஏறும்போது பை அவர் மடியில் இருந்தது. மகனிடம் என்ன பேசுவது என்று வளைவுக்கு வளைவு ஒரு வாக்கியம் யோசித்தார். குமுளியில் இறங்கியபோது ஒன்றும் மிச்சமில்லை.

சுரேஷ்கண்ணன் ஏலக்காய்க் கடையில் நின்றிருந்தான். அவன் வேலையும் மிஷினில் கவர் ஒட்டுவதுதான். மனதுக்குள்ளேயே பார்த்துப் பழகிய முகத்தில் புதிதாக மீசை இருந்தது. அவன் அதிரவில்லை, கோபப்படவும் இல்லை. "சேட்டா, இப்ப வந்திடறேன்" என்று மலையாளி முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். பையை வாங்கிப் பிரித்து, பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இலை சுற்றிய எலும்பில் அவன் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது.

"ஒங்கம்மா சத்தியம் வச்சிருக்காடா. நீ தின்னாத்தான் அவ கறி திம்பா. ஒடம்புல ரத்தமே இல்ல. செஞ்சது நாந்தான், என்னைய வெறுத்துட்டுப் போ."

"ஒங்கள வெறுத்து முடிச்சு ரொம்ப நாளாச்சுப்பா." அவன் குரல் உயரவில்லை. "நீங்க அப்படித்தான்னு எனக்குத் தெரியும். நீங்க எலைய வீசுனப்ப அம்மா கரண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஒரு வார்த்த சொல்லல. அனிதா அதோட மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. அதுதான் இன்னைக்கும் எனக்குத் தொண்டையில எறங்கல."

"எனக்குப் பயந்துக்கிட்டு நின்னாடா அவ."

"தெரியும்." பாக்கெட்டைப் பைக்குள் வைத்து அவர் கையில் கொடுத்தான். "தெரிஞ்சும் எறங்கல. ஊருக்குப் போய்ச் சேருங்க."

அவன் உள்ளே போனான். மிஷின் மறுபடி உறுமுவது வாசல்வரை கேட்டது.

பஸ் ஸ்டாண்டில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. தூக்கி எறியவும் கை வரவில்லை. ஒருதரம் எறிந்த கைதானே. கவரைப் பல்லால் கடித்துக் கிழித்தார். கறி ஜில்லென்று விறைத்திருந்தது. மகனுடைய பங்கை ஒரு துண்டு விடாமல் தின்றார். நெஞ்செலும்பையும் இலையைப் பிரித்துக் கடித்தார். உப்பு கூடுதலாக இருந்தது. இந்த நாலு வருடமும் அவளுடைய கறியில் எப்போதும் கொஞ்சம் ஏறியோ குறைந்தோதான் இருந்திருக்கிறது. அதை ஒருநாளும் அவளிடம் சொல்லாமல் தின்று எழுந்திருக்கிறார். அந்த நினைப்பு வந்ததும் அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் காரம் போல என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டு வாசலில் பாண்டீஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் முதலில் காலிப் பையில்தான் விழுந்தது.

"வாங்கிக்கிட்டானா?"

"ம்."

"ஒங்க முன்னாலயே சாப்ட்டானா?"

மலை இறங்கும்போதே இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தார். மகன் சொன்னதை இவளிடம் சொன்னால், அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு மிச்ச ஆயுசு முழுக்க நின்றுகொண்டிருப்பாள்.

"சாப்ட்டான். எலும்பக்கூட விடல. உப்பு மட்டும் கொஞ்சம் கூடன்னான்."

"அப்படித்தான் சொல்லுவான், வாயப் பாரு அவனுக்கு." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு நேராக அடுப்படிக்குப் போனாள். ஃப்ரீசர் திறக்கிற சத்தம் கேட்டது. போன வாரத்துப் பாக்கெட் ஒன்றை வெந்நீரில் போட்டாள். அது இளகியதும் கத்திரியால் ஓரத்தை வெட்டி, சட்டியில் புரட்டித் தட்டில் கொட்டிக்கொண்டு வந்து, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாண்டீஸ்வரி," என்றார் அவர்.

"சொல்லுங்க."

அவர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் சாமி படம் இருந்த பக்கம் திரும்பி, ஒரு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டாள். மெல்வதே மறந்துபோனவள் மாதிரி மெதுவாக மென்றாள்.

"ஆமாங்க, கூடத்தான் இருக்கு" என்றாள் வாய் நிறையக் கறியோடு. அடுத்த துண்டை எடுத்தாள்.