மூன்றாவது சென்சாருக்குப் பக்கத்தில்

அன்று சூளகிரி ஆலையில் அழுத்திய காற்றைச் சேர்த்துவைக்கும் அந்தத் தொட்டியருகே நின்றவர்கள் நான்கு பேர்: ஆலை மேற்பார்வையாளர் திம்மப்பன், பெங்களூரிலிருந்து சோதிக்க வந்த சந்தோஷ், என் தம்பி மகன் அஜாஸ், நசருல்லாவாகிய நான். ஐந்தாவது ஆள் இல்லை.

தொட்டி எங்கள் மூக்கண்டப்பள்ளிப் பட்டறையில் செய்தது. தகடுகளை இணைக்கும் வெல்டிங் ஜாயிண்ட் முழுவதும் அஜாஸ் கைவேலை. இதில் தவறினால் பெரிய வேலை எதையும் இனி யாரும் அவனிடம் தரமாட்டார்கள்.

சந்தோஷ் தொட்டியைச் சுற்றிச் சென்சார்களை ஒட்டினார். தண்ணீர் நிரப்பி அழுத்தினால், விரிசல் வளரும்போது இரும்பு நம் காதுக்கு எட்டாத சத்தம் போடுமாம். கணினி இடத்தைச் சொல்லுமாம். எனக்கு நம்பிக்கையில்லை. திம்மப்பனின் மைத்துனரும் தொட்டி செய்கிறவர். சந்தோஷ் வந்ததும் அவரும் திம்மப்பனும் தனியாக நின்று பேசியதை நான் பார்த்தேன்.

அழுத்தம் ஏறியது. திரையில் சிவப்புப் புள்ளிகள்.

"மூணாவது சென்சார் பக்கத்துல சத்தம் வருது பாய்" என்றார் சந்தோஷ்.

அங்கேதான் நீள ஜாயிண்ட் ஓடுகிறது.

"என்ன பாய், தம்பி மவனுக்குக் கை நடுங்கிருச்சா?" என்று திம்மப்பன் சிரித்தார்.

அஜாஸ் தலை நிமிரவில்லை. என் சந்தேகம் அவன்மேல் திரும்பியது.

"வெல்டிங் ராடு ஈரமா இருந்துச்சாடா? உண்மையச் சொல்லு."

"இல்லீங்க பெரியத்தா."

எதையோ மறைக்கிறான் என்று தெரிந்தது.

"பம்ப்ப நிறுத்துங்க. சென்சார கிட்ட கிட்ட வெச்சு மறுபடி ஏத்துங்க. இந்தத் தடவ திரைய நானும் பாக்கறேன்" என்றேன்.

சந்தோஷ் மறுக்காமல் செய்தார். புள்ளிகள் மீண்டும் விழுந்தன. ஜாயிண்டில் அல்ல, ஒரு சாண் மேலே. அங்கே இருந்தது எங்கள் பட்டறையின் பெயர்த்தகடு. தொட்டி முடிந்ததும் குடும்பத்தில் மூத்தவர்தான் அதைத் தன் கையால் வெல்டிங் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

தண்ணீரை இறக்கி, பெயிண்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளை மருந்து அடித்தார் சந்தோஷ். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் கசிந்து காட்டிக்கொடுக்குமாம். தகட்டின் மூலையிலிருந்து தொட்டிச் சுவருக்குள் மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு இறங்கியது.

"தகட்டத் தொட்டியோட கால்ல வெச்சுக்கலாம், தொட்டி மேல வேணாம்னு சொல்லத்தான் நெனச்சேன்," என்றான் அஜாஸ். "உங்க கையப் புடிச்சு நிறுத்த முடியுங்களா பெரியத்தா?"

நான் குனிந்து அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தேன். இந்தமுறை திம்மப்பன் சிரிக்கவில்லை.

அஜாஸ் போட்ட ஜாயிண்ட் பிளந்ததால்தான் தொட்டி திரும்பி வந்தது என்று மூக்கண்டப்பள்ளியில் பேசுகிறார்கள். தவறு. அவன் ஜாயிண்டில் ஒரு குறையும் இல்லை. விரிசல் விட்டது பெயர்த்தகடு வைத்த இடம். வைத்தவன் நான்.